நேட்டால் தேனீக்கு நேட்டால் முறை: வாசகர் கேள்விகள், பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நேட்டால் மாகாணத்திலிருந்து தேனீ வளர்ப்பு பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஊரின் பெயரை மட்டும் குறித்துப் பதில் தந்திருக்கிறோம்.

மார்த்தாண்டத்துக்காரர்கள் தேனீ வளர்க்கும் காணொளிகளைப் பார்த்து, தச்சரிடம் சொல்லி நியூட்டன் பெட்டி ஒன்று செய்துவிட்டேன். வீடு கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மேலும் எத்தனை பெட்டி செய்யலாம்?
— ஸ்டேங்கர் வாசகர்

இனி ஒன்றுகூட அந்த மாதிரியில் செய்யாதீர்கள். மார்த்தாண்டத்துப் பெட்டியில் இருப்பது இந்தியத் தேனீ, ஏபிஸ் செரானா. சிறிய உடல், சிறிய கூட்டம். அதற்காகத் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 7 சிறு சட்டங்களோடு வடிவமைத்த பெட்டி அது. குவாசூலு நேட்டாலில் பறப்பது ஏபிஸ் மெல்லிஃபெரா ஸ்குடெல்லாட்டா. உருவத்தில் பெரியது, வேகமாகப் பெருகுவது. அந்தச் சின்னப் பெட்டியில் புகுந்தாலும் சில வாரங்களில் இடம் போதாமல் கூட்டம் பிரிந்து போகும். பழக்கத்திலும் பெரிய வேறுபாடு உண்டு. காணொளியில் அவர்கள் வெறுங்கையோடு அடையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டு நாய்க்கும் சேர்த்துத்தான் கொட்டு விழும்.

இங்கே எல்லாரும் வைப்பது லாங்ஸ்ட்ராத் பெட்டி. சட்டத்தின் மேல்கட்டை 482 மி.மீ., ஆழச் சட்டத்தின் உயரம் 232 மி.மீ., பெட்டியின் உள்நீளம் 465 மி.மீ., உள்ளகலம் 375 மி.மீ. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் 6 முதல் 9 மி.மீ. வரை இடைவெளி விடவேண்டும். அதற்குக் குறைந்தால் தேனீ பிசின் வைத்து ஒட்டிவிடும். கூடினால் அங்கே குறுக்கடை கட்டிவிடும். எந்தச் சட்டமும் அசையாது. தச்சரிடம் வற்புறுத்த வேண்டிய அளவு இது ஒன்றுதான். மற்றவற்றில் ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் இருந்தால் தேனீ பொறுத்துக்கொள்ளும்.

கடையில் விற்கும் சட்டங்கள் ஐரோப்பியத் தேனீயின் கணக்கில், அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு 35 மி.மீ. வருமாறு இருக்கும். நம் தேனீ தானாகக் கட்டும்போது 32 மி.மீ.தான் விடுகிறது. ராணி முட்டையிடும் கீழ்ப்பெட்டியான புழு அறையில், சட்டங்களின் பக்கக்கட்டையை இருபுறமும் ஒன்றரை மி.மீ. இழைத்துவிட்டால் 10 சட்டம் நிற்கும் இடத்தில் 11 நிற்கும். புழுக்களின் சூட்டைக் காப்பதும் தேனீக்கு எளிதாகும். தேன் சேரும் மேல்பெட்டியான தேன் அறையில் இதற்கு நேர்மாறு: சட்டங்களைக் குறைத்து 9 வைத்தால் அடை தடிக்கும், தேன் எடுக்க மெழுகு மூடியைச் சீவுவதும் சுலபம். தேனீ அடை கட்டுவதற்காகச் சட்டத்தில் பொருத்தும் மெழுகு அச்சுத்தாள் வாங்கும்போது இந்நாட்டுத் தேனீக்கான சிறு அறை அச்சா என்று கேளுங்கள். அடையின் ஒவ்வோர் அறுகோண அறையும் ஏறத்தாழ 4.8 மி.மீ. அகலம் இருக்கவேண்டும், ஐரோப்பிய அச்சில் 5.3க்கு மேல் இருக்கும்.

கரும்பை நம்பிப் பெட்டி வைக்க முடியாது. அது புல்லினம், பூக்குமுன் வெட்டப்படுவது, தேனும் தராது. உங்களுக்குத் தேன் கொடுக்கப்போவது 3 கி.மீ. சுற்றளவில் இருக்கும் யூகலிப்டஸ், லிச்சி, அவகாடோ, மக்காடமியா, குளிர்காலத்தில் காட்டுக் கற்றாழை ஆகியவைதான். அவை இருக்கின்றனவா என்று முதலில் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெட்டியை எண்ணுங்கள். கரும்புக்குத் தீ வைக்கும் நாளைத் தோட்டக்காரரிடம் கேட்டு வையுங்கள். பெட்டியைச் சுற்றி சில மீட்டருக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்பு விடுங்கள்.

தொடக்கத்தில் 2 பெட்டி போதும். ஒன்று இருந்தால் அது நன்றாக இருக்கிறதா, மோசமாக இருக்கிறதா என்று ஒப்பிட வழியில்லை. இரண்டு இருந்தால் ஒன்றின் ராணி போனாலும் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடை ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றலாம். தேன்வளைக்கரடி நடமாடும் இடமென்றால் தாங்கியை 1 மீட்டருக்கு மேல் உயர்த்தி, பெட்டியை வாரால் இறுக்கிக் கட்டுங்கள். எறும்புக்குத் தாங்கியின் கால்களை எண்ணெய் ஊற்றிய டப்பாவில் நிறுத்தினால் போதும்.

தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் தேனீ கூடு கட்டியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றினால் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?
— சாட்ஸ்வொர்த் வாசகி

கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து ஒன்று. செத்த தேனீயும் உருகிய தேனும் உள்ளேயே கிடந்து எறும்பையும் கரப்பானையும் அழைப்பது இன்னொன்று. மெழுகின் வாசனை அங்கே இருக்கும்வரை அடுத்த பருவத்தில் வேறொரு கூட்டம் அதே குழியைத் தேடி வரும்.

மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டம் வேறு, மீட்டர் பெட்டிக்குள் குடியேறிய கூட்டம் வேறு. தொங்குவது வழிப்போக்கர் கூட்டம். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுப் புது வீடு தேடுகிறது. காக்கப் புழுவோ தேனோ அதற்கு இல்லை. அநேகமாக 1 முதல் 3 நாளில் தானே கிளம்பிவிடும். தள்ளி நின்றால் போதும். உள்ளே புகுந்து ஒரு வாரம் ஆகிவிட்டதென்றால் அடை கட்டி முட்டையும் வைத்திருக்கும். அதன் பிறகு புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வே அதைச் சீண்டிவிடும். மீட்டர் பார்க்க வருபவரைத் தடுத்து நிறுத்துங்கள், நாயை எதிர்ப்பக்கத்தில் கட்டுங்கள், பதிவுபெற்ற தேனீ வளர்ப்பாளரைக் கூப்பிடுங்கள்.

அவர் மாலையில் வந்து புகை போட்டு, புழு இருக்கும் அடைகளை அறுத்து, காலிச் சட்டத்தில் ரப்பர் வளையத்தால் கட்டித் தன் பெட்டியில் வைப்பார். ராணி உள்ளே போய்விட்டால் மற்றவை பின்னாலேயே நடந்து போகும். இருட்டும்வரை பெட்டியை அங்கேயே வைத்திருந்துதான் எடுத்துப்போவார், அவசரப்படுத்தாதீர்கள். பின்னர் ஒட்டிய மெழுகைச் சுரண்டி, ஜிக் (வெளுப்புத் திரவம்) கலந்த நீரால் கழுவி, இடுக்குகளை 3 மி.மீ.க்கும் குறைந்த கண்ணுள்ள கம்பிவலையால் அடையுங்கள்.

பொறிப்பெட்டியில் ஒரு கூட்டம் விழுந்தது. மறுநாளே பெரிய பெட்டிக்கு மாற்றினேன். 3 நாளில் ஒரு தேனீகூட இல்லாமல் ஓடிவிட்டது. என்ன தவறு?
— டொங்காட் வாசகர்

மறுநாளே மாற்றியதுதான். இந்நாட்டுத் தேனீயின் முதல் குணம் கொட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ப்பவரை உண்மையில் அழவைப்பது அது வீட்டை விட்டு ஓடும் குணம். வறட்சியும் தீயும் மாறிமாறி வரும் நாட்டில், இடம் பிடிக்கவில்லையென்றால் உடனே கிளம்புகிற கூட்டமே பிழைத்தது. பசி, வெயில், எறும்பு, அடிக்கடி திறந்து பார்க்கும் எஜமானர், இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

பொறிப்பெட்டியில் விழுந்த கூட்டத்தை 2, 3 வாரம் அங்கேயே விடுங்கள். 5 சட்டம் கொள்ளும், 20 லிட்டர் அளவுள்ள பெட்டிதான் இதற்குச் சரி. ஒவ்வொரு சட்டத்திலும் 25 மி.மீ. அகல மெழுகுப் பட்டை ஒட்டியிருக்கவேண்டும். உட்சுவரில் மெழுகும் தேனீப் பிசினும் தேயுங்கள், புதுப்பலகை வாசனை அடங்கும். நிழலில், ஆள் உயரத்துக்கு மேல் வைப்பது நல்லது. அடை கட்டி, முட்டை வைத்து, புழு வளரத் தொடங்கிய கூட்டம் அந்தப் புழுவை விட்டு எளிதில் போகாது. மாற்றும் நேரம் அதுதான். இருட்டிய பிறகு வாசலை அடைத்து, பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றி, 3 கி.மீ.க்கு அப்பால் கொண்டுபோய் வைத்து, மறுநாள் மாலை சட்டங்களை அதே வரிசையில் பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். அதே தோட்டத்துக்குள் 50 மீட்டர் நகர்த்தினால் வெளியே போனவை பழைய இடத்துக்குத்தான் திரும்பும்.

மாற்றும்போது உங்கள் இன்னொரு பெட்டியிலிருந்து மூடாத புழு உள்ள சட்டம் ஒன்றைத் தேனீயை உதறிவிட்டு நடுவில் செருகினால் நங்கூரம் போட்டது மாதிரி. பூ இல்லாத காலமென்றால் 1 கிலோ வெள்ளைச் சர்க்கரைக்கு 1 லிட்டர் நீர் கலந்த பாகில் அரை லிட்டரை மாலைதோறும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே வைத்தால் ஊர்த் தேனீயெல்லாம் திரண்டு கொள்ளையடிக்கும். அந்தக் கலவரமே உங்கள் கூட்டத்தை ஓட்டிவிடும்.

வாசலில் ராணித் தடுப்புத் தகடு வைத்துப் பூட்டலாமே என்று கேட்பீர்கள். முட்டையிடத் தொடங்கிவிட்ட ராணி என்றால் 3, 4 நாள் வைக்கலாம். முதல் கூட்டம் போன பிறகு பின்கூட்டமாகப் பிரிந்து வந்த கன்னிராணி என்றால் அது வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பவேண்டும். தகடு அதைத் தடுத்துவிட்டால் காலத்துக்கும் ஆண் முட்டை மட்டுமே இடும். எது வந்திருக்கிறது என்று தெரியாதபோது தகட்டைத் தொடாமலிருப்பதே மேல்.

ஆண் தேனீக்கு அப்பா இல்லை என்று பள்ளியில் சொன்னார்கள். அம்மா நம்ப மறுக்கிறார். எது சரி?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி

நீங்கள் சொல்வதே சரி. 1845இல் சைலீசியாவைச் சேர்ந்த ஜொஹான் ஜேர்சோன் என்ற பாதிரியார் இதை வெளியிட்டபோது உங்கள் அம்மாவைப் போலவே பலரும் நம்பவில்லை. ராணி கலவிப் பறப்பில் பெற்ற விந்தணுவை வயிற்றில் ஒரு சிறு பையில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். முட்டையிடும்போது அறையின் அகலத்தை முன்காலால் அளந்து பார்க்கும். சிறிய அறையென்றால் விந்தணு சேர்த்து இடும். அது 32 குரோமோசோம்களுடன் பெண்ணாகும். பெரிய அறையென்றால் சேர்க்காமல் இடும். அது 16 குரோமோசோம்களுடன் ஆணாகும். ஆகவே ஆணுக்குத் தந்தை இல்லை, ஆனால் தாய்வழித் தாத்தா உண்டு. அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள்.

பெண் முட்டையிலிருந்து வருவது ராணியா வேலைக்காரத் தேனீயா என்பதைத் தீர்மானிப்பது உணவு. ராணிக்கான புழுவுக்குக் கடைசிவரை அரசப்பால் கிடைக்கும். மற்றதற்குச் சில நாளில் மகரந்தமும் தேனும் கலந்த உணவாக மாறும். நம் ஊர்த் தேனீயில் ராணி 15, 16 நாளிலும், வேலைக்காரி 19, 20 நாளிலும், ஆண் 24 நாளிலும் வெளிவரும். ஐரோப்பியத் தேனீயின் வேலைக்காரிக்கு 21 நாள் ஆகும்.

இந்த விதிக்கு உலகத்தில் ஒரு பெரிய விலக்கு உண்டு. அது நம் நாட்டிலேயே, கேப் பகுதியில் இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

நன்றாக இருந்த பெட்டி ஒன்று ஒரு மாதமாகச் சோர்ந்து கிடக்கிறது. தேனீ முன்போல் கொட்டுவதில்லை. ஓர் அறைக்குள் 3, 4 முட்டைகள். கருத்து மினுங்கும் தேனீக்கள் நடமாடுகின்றன. சாதுவாக இருக்கும் என்று சொல்லி, கேப்பிலிருந்து கொண்டுவந்த ஒரு கூட்டத்தைச் சென்ற ஆண்டு பக்கத்தில் வைத்தேன். அதனால் இருக்குமா?
— வெருலம் வாசகர்

அதனால்தான். உங்கள் பெட்டிக்கு இனி மருந்தில்லை. மற்ற பெட்டிகளைக் காப்பாற்றும் வேலையை இன்றிரவே தொடங்குங்கள்.

கேப் தேனீ, ஏபிஸ் மெல்லிஃபெரா கப்பென்சிஸ், மேற்கு கேப், கிழக்கு கேப் மாகாணங்களின் ஃபைன்பாஸ் புதர்க்காட்டுக்குரியது. அங்கே அது நல்ல தேனீ. அதன் வேலைக்காரத் தேனீ ஆணோடு கூடாமலே பெண் முட்டை இடும். 1912இலேயே ஒனியன்ஸ் என்பவர் இதை எழுதிவைத்திருக்கிறார். மற்றத் தேனீயினங்களில் ராணியில்லாத வேலைக்காரி இட்டால் அநேகமாக ஆண்தான் பிறக்கும். கேப் வேலைக்காரியோ தன்னைப் போலவே இன்னொருத்தியை, அவள் வழியாக இன்னொருத்தியை என்று நகலெடுத்துக்கொண்டே போகும்.

1990இல் வளர்ப்பாளர்கள் சிலர் கற்றாழைப் பூவுக்காகக் கேப் கூட்டங்களை வடக்கே ஸ்குடெல்லாட்டா வாழும் பகுதிக்குள் ஏற்றிச் சென்றார்கள். கேப் வேலைக்காரிகள் பக்கத்துப் பெட்டிகளுக்குள் நுழைந்தன. அவை ராணியின் மணத்தைப் போன்ற மணத்தைச் சுரக்கும், ஆகவே நம் தேனீ அவற்றுக்கு ஊட்டிவிடும். அவை இடும் முட்டையையும் நம் காவல்தேனீ தின்று அழிப்பதில்லை. சில வாரங்களில் ராணி மடியும். பிறகு முட்டையிட எல்லாரும் உண்டு, தேனுக்கும் மகரந்தத்துக்கும் போக யாருமில்லை. கூட்டம் தேய்ந்து சாகும். சாகும் கூட்டத்திலிருந்து கிளம்பும் கேப் வேலைக்காரிகள் அடுத்த பெட்டியைத் தேடும். நாடெங்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகள் இப்படிப் போயின. அந்த ஒட்டுண்ணிகள் அனைத்தும் ஒரே ஒரு வேலைக்காரியின் சந்ததி என்று மரபணு ஆய்வு காட்டியது. இந்நாட்டில், தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி செய்த சேதம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இருந்தாலும் கொல்லுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். ராணியிழந்த நம் ஊர்க் கூட்டத்திலும் வேலைக்காரி முட்டையிடும், ஓர் அறையில் பல முட்டை தெரியும். வேறுபாடு மூடியில் இருக்கிறது. சிறிய அறைகளின் மேல் மூடி குமிழ்போல் உப்பியிருந்தால் உள்ளே ஆண், ஆகவே அது வெறும் ராணியின்மை. மூடி தட்டையாக, வேலைக்காரப் புழுவின் மூடி மாதிரியே இருந்து, முட்டை மட்டும் சுவரிலும் அடியிலுமாகச் சிதறியிருந்தால் கேப். ராணி வளர்க்கும் அறைக்குள் பல முட்டை கிடப்பதும், கறுப்புத் தேனீ ஒன்றைச் சுற்றி மற்றவை பரிவாரம்போல் நிற்பதும் அதை உறுதிப்படுத்தும்.

உறுதியானால், எல்லாம் அடங்கிய இரவில் வாசலை ஈரத்துணியால் அடைத்து, 10 லிட்டர் நீரில் அரைக் கோப்பை பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மேலிருந்து சட்டங்களுக்கு நடுவே ஊற்றுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அடையை அப்படியே வேறு பெட்டிக்குக் கொடுக்காதீர்கள். மூடிய அறைக்குள் இருப்பவை உயிரோடு இருக்கும், வெளிவந்து மறுபடி தொடங்கும். புழு அடையை எரியுங்கள், அல்லது மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் 2 நாள் வைத்து உருக்குங்கள். கேப்பிலிருந்து வந்த மூலக்கூட்டத்துக்கும் இதே கதி. பரிதாபமாகத்தான் இருக்கும். பலவீனமான கூட்டத்தை வலுவானதோடு இணைத்துக் காப்பாற்றும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள். நோயை இணைத்துவைக்கும் வேலை அது.

இனிமேல் பெட்டிகளை ஒரே வரிசையில், ஒரே திசை பார்த்து, ஒட்டி ஒட்டி அடுக்காதீர்கள். வீடு மாறிப் புகும் தேனீதான் வாகனம். முகப்பை வெவ்வேறு நிறத்தில் பூசி, திசை மாற்றி, இடம்விட்டு வையுங்கள். புதிதாகப் பிடித்த கூட்டத்தை ஒரு பருவமாவது தனி இடத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். கேப் தேனீயை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம். 1983ஆம் ஆண்டின் விவசாயப் பூச்சிகள் சட்டத்தின் கீழ் வந்த கட்டுப்பாடு அது. சாது என்று சொல்லி விற்றவரிடம் இதையும் சொல்லுங்கள்.

வரோவா உண்ணிக்கு என்ன மருந்துப் பட்டை போடலாம்?
— உம்சிண்டோ வாசகர்

போடாதீர்கள். 1997இல் கேப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த உண்ணி நாடு முழுக்கப் பரவியது உண்மை. ஐரோப்பாவில் மருந்தில்லாமல் பெட்டி பிழைப்பது அரிது. இங்கே பெரும்பாலான கூட்டங்கள் தாங்களே சமாளித்துவிட்டன. நம் தேனீயின் மூடிய பருவம் குறுகியது, உண்ணி குட்டி போட்டு வளர்க்க நேரம் போதாது. தேனீயும் அதை உடம்பிலிருந்து கடித்துத் தட்டும், உண்ணியுள்ள புழுவை வெளியே இழுத்துப்போடும். மருந்து போட்டால் சமாளிக்கத் தெரியாத கூட்டத்தையும் பிழைக்க வைத்து அடுத்த தலைமுறைக்கு அனுப்புகிறோம். மெழுகிலும் மருந்து தங்கும்.

எடுத்த தேன் அடைகளைக் கொட்டகையில் 5 நாள் அடுக்கி வைத்தேன். வெள்ளைப் புழுக்கள் நெளிந்து, தேன் நுரைத்து ஒழுகி, அழுகிய ஆரஞ்சு வாடை. மெழுகு அந்துப்பூச்சியா?
— போர்ட் ஷெப்ஸ்டோன் வாசகர்

அந்துப்பூச்சி வலை பின்னும். உங்கள் கடிதத்தில் வலையே இல்லை. ஒழுகலும் வாடையும் சிறு கூட்டு வண்டின் அடையாளம். அரை செ.மீ.க்குச் சற்றே பெரிய, கரும்பழுப்பு வண்டு. ஆப்பிரிக்காவே அதன் தாயகம். புழு 1 செ.மீ. நீளம், முதுகில் சிறு முட்கள். அது அடையைத் துளைத்துக்கொண்டு போகும்போது விட்டுச்செல்லும் ஈஸ்ட்தான் தேனைப் புளிக்கவைக்கிறது. அந்தத் தேனைத் தேனீகூடத் தொடாது.

பெட்டிக்குள் இதே வண்டு பத்து இருந்தாலும் பயமில்லை. வலுவான கூட்டம் அவற்றை மூலையில் ஒதுக்கி, பிசினால் சிறை கட்டிக் காவல் நிற்கும். வண்டோ காவல்தேனீயின் முகத்தைத் தடவி அதனிடமிருந்தே உணவு வாங்கித் தின்று உயிர்வாழும். தேனீ இல்லாத அடையில்தான் அதற்குக் கொண்டாட்டம். எடுத்த அடையை அன்றே, மிஞ்சினால் மறுநாள், பிழிந்துவிடுங்கள். புழு இருந்த சட்டத்தைத் தேன் அறையோடு கலக்காதீர்கள். வண்டுக்கு மகரந்தமும் புழுவும்தான் முதல் விருந்து. வளர்ந்த வண்டுப்புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். ஈரமும் நிழலும் உள்ள கொட்டகையைச் சுற்றிய மண் அதற்கு மெத்தை. பொறிப்பெட்டிக்கு நிழல் நல்லது, ஆனால் கூட்டம் நிலைத்த பெட்டியை வெயில் படும் இடத்தில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கெட்டுப்போன அடைகளைக் கழுவி, உறையவைத்து, மெழுகாக உருக்கிவிடுங்கள்.

பாட்டிலில் அடைத்த தேன் 2 மாதத்தில் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. சுத்தமாகத்தான் எடுத்தேன்.
— ஃபீனிக்ஸ் வாசகி

சுத்தக் குறைவல்ல, ஈரம். தேனில் நீர் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அதிலேயே இருக்கும் ஈஸ்ட் கண்விழிக்கும். 18க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை. தேனீ அறையை மெழுகால் மூடுவது நீர் வற்றியதற்கு அது தரும் முத்திரை. சட்டத்தில் முக்கால் பங்காவது மூடியிருக்கவேண்டும். மூடாத அறைகள் இருந்தால் சட்டத்தைக் கிடையாகப் பிடித்துச் சட்டென்று உதறுங்கள். துளி தெறித்தால் திருப்பி வையுங்கள்.

டர்பன் கடற்கரைக் காற்றில் இன்னொரு சங்கடம் உண்டு. மூடி சீவிய தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஜன்னலை மூடி, ஈரம் நீக்கும் இயந்திரத்தை முந்தின இரவே ஓடவிட்டு, ஒரே நாளில் பிழிந்து, வடித்து, மூடியுள்ள வாளியில் ஊற்றிவிடுங்கள். நுரை மேலே வர 2 நாள் விட்டு, அடிக்குழாயிலிருந்து பாட்டிலுக்கு எடுக்கலாம். அடிக்கடி விற்பவர் ஒளிவிலகல்மானி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஒரு துளி போதும், நீரின் அளவு தெரிந்துவிடும்.

உறைந்த தேனைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது கெட்டதல்ல, குளுக்கோஸ் படிகமாகிறது. சூரியகாந்தித் தேன் சில வாரங்களிலேயே உறையும். பாட்டிலை 40 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் நிறுத்துங்கள். மைக்ரோவேவ் வேண்டாம்.

காவடி அபிஷேகத்துக்குச் சுத்தத் தேன் வேண்டும். தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கினால் சுத்தம் என்கிறார்களே? பிறந்த பேரனுக்குச் சேனை வைக்கவும் அதே தேன் ஆகுமா?
— மவுண்ட் எட்ஜ்கோம் வாசகர்

தண்ணீர், தீக்குச்சி, எறும்பு, பெருவிரல் நகம், எந்தச் சோதனையும் கலப்படத்தைக் காட்டாது. அவை காட்டுவது தேன் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும். காய்ச்சிய சர்க்கரைப் பாகு எல்லாவற்றிலும் தேறிவிடும். ஆய்வகத்தில் கார்பன் அணுக்களின் விகிதத்தை அளந்தால் கரும்புச் சர்க்கரை மாட்டிக்கொள்ளும். கரும்பு கார்பனைப் பிடிக்கும் முறையும் தேன் தரும் பூச்செடிகளின் முறையும் வேறு. அரிசிப் பாகு அந்தச் சோதனைக்கும் தப்பும். எனவே பாட்டிலின் ஒட்டுத்தாளில் எந்த நாட்டுத் தேன் என்று பாருங்கள். இறக்குமதித் தேன் தேனீ நோய்க்கிருமி பரவாதிருக்கக் கதிர்வீச்சு செய்யப்பட்டுத்தான் நாட்டுக்குள் வரும். தெரிந்த வளர்ப்பாளரிடம் அடையோடு வாங்குவது எல்லாவற்றிலும் நம்பகமானது. அபிஷேகம் முடிந்த தேனையும் பாலையும் திறந்த வாளியில் வைக்காமல் உடனே நீர் விட்டுக் கழுவுங்கள். கூட்டமுள்ள கோவில் முற்றத்தில் தேனீ வந்து மொய்ப்பதற்குக் காரணம் அந்த வாளிதான்.

பேரனுக்குக் கூடாது, ஒரு சொட்டுக்கூட. எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசக் கிருமியின் விதைகள் இருக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், மெல்லிய அழுகை, தலை தொங்குதல், பிறகு மூச்சுத் தளர்ச்சி. வீட்டு அடுப்பின் சூடு அந்த விதையைக் கொல்லாது. தாய்ப்பாலின் முதல் சொட்டையே தாத்தா கையால் தொட்டு வையுங்கள், சேனையாயிற்று.

பஞ்ச காலத்தில் வெல்லமோ கரும்புப்பாகோ கரைத்து வைக்கலாமா?
— டார்னல் வாசகர்

வெள்ளைச் சர்க்கரை மட்டும். வெல்லத்திலும் மொலாசஸிலும் உள்ள செரிக்காத பொருள்கள் தேனீக்கு வயிற்றுப்போக்கு தரும். அடுத்தவர் பெட்டித் தேனும் வேண்டாம். 2009இல் மேற்கு கேப்பில் உறுதியான அமெரிக்கப் புழு அழுகல் நோயின் விதைகள் தேனில் பல பத்தாண்டு உயிரோடிருக்கும். மூடியில் ஓட்டை, உள்ளே பழுப்புச் சளி, தீக்குச்சியை விட்டு இழுத்தால் நூலாக நீள்கிறது என்றால் எதையும் நகர்த்தாமல் விவசாயத் துறைக்குச் சொல்லுங்கள்.

கொட்டினால் உடனே என்ன செய்வது?
— பல ஊர் வாசகர்கள்

கொடுக்கை நகத்தால் வழித்துவிடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு வேகமாக எடுப்பது என்பதே முக்கியம், ஏனென்றால் கழன்ற கொடுக்கோடு வந்த நஞ்சுப்பை தானே அமுக்கிக்கொண்டிருக்கும். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாடை வரும். அது மற்றத் தேனீக்களை அழைக்கும் அபாய மணம். அந்த இடத்தில் புகை போட்டு விலகுங்கள். பெட்டி திறக்கும் நாளில் வாழைப்பழமும் சாப்பிட வேண்டாம். பல தேனீ துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுங்கள். நீச்சல் குளத்தில் குதித்தால் தலை தூக்கும்வரை மேலே காத்திருக்கும். நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், கொட்டாத இடத்திலும் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர் வண்டிக்குக் காத்திராமல் போட்டுக்கொள்ளவேண்டும்.

1956இல் இந்நாட்டிலிருந்தும் டாங்கனிக்காவிலிருந்தும் (இன்றைய டான்சானியாவின் பகுதி) பிரேசிலுக்குப் போன ராணிகளின் சந்ததியைத்தான் அமெரிக்கர்கள் கொலைகாரத் தேனீ என்று படம் எடுத்துப் பயந்தார்கள். நாமோ அதன் மூதாதையரை வீட்டுக் கொல்லையில் வைக்கிறோம். ஆகவே பொழுது சாயும் நேரத்தில், இரண்டு பேராக, வெளிர்நிற உடையில், முதலில் வாசலிலும் பிறகு மூடியடியிலும் புகை விட்டுத் திறங்கள். எண்ணெய் படாத கோணிச்சாக்கு, காய்ந்த சாணி, பைன் ஊசியிலை எதுவும் எரிக்கலாம். புகை வெள்ளையாக, கையில் பட்டால் சூடில்லாமல் இருக்கவேண்டும்.

பெட்டி வைக்க உரிமம் வேண்டுமா?
— ஐசிபிங்கோ வாசகர்

தேசிய விவசாயத் துறையில் தேனீ வளர்ப்பாளராகப் பதிவு செய்து ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். ஒரே பெட்டி வைத்திருந்தாலும் இது பொருந்தும். பதிவு எண்ணைப் பெட்டியில் அழியாமல் பொறியுங்கள். திருட்டுப்போன பெட்டியை உங்களுடையது என்று காட்ட வேறு சாட்சி கிடையாது. குடியிருப்புப் பகுதியில் வைப்பதற்கு நகராட்சியின் துணைவிதியைத் தனியாகக் கேட்கவேண்டும். எங்களைக் கேட்டால், மதிலோடு மதில் ஒட்டிய தெருவில் இந்தத் தேனீ வேண்டாம். ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் உறவினரைப் பிடியுங்கள்.

மாமரம் பூத்திருக்கிறது, பெட்டி வைத்தால் காய் கூடுமா?
— உம்கோமாஸ் வாசகி

மாவுக்கு ஈதான் முக்கியம், தேனீ இரண்டாம்பட்சம். லிச்சி, அவகாடோ இருந்தால் தேனீயால் பலன் தெரியும். எந்த மரமானாலும் பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்தே தீரவேண்டுமென்றால் தேனீ வீடு திரும்பிய பிறகு, இருட்டில் அடியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.